ராஜா துரத்தின ஏர்ல் திரும்பி வந்த கதை: ஆங்கிலோ சாக்சன் பிரபுன்னா யாரு, ஒரு எளிய விளக்கம்

1051 செப்டம்பர்ல இங்கிலாந்துல ராஜாவுக்கு அடுத்தபடியா பெரிய ஆள் யாருன்னா வெசெக்ஸோட ஏர்ல் (ராஜாவுக்குக் கீழ ஒரு பெரிய பகுதியைப் பாத்துக்கற பிரபு) காட்வின்தான். பொண்ணு ராணி, பசங்க ரெண்டு பேர் ஏர்ல், தேம்ஸ் நதிக்குத் தெக்க இருக்குற நாடு கிட்டத்தட்ட முழுசா அவர் பொறுப்புல. அப்பேர்ப்பட்ட ஆளை அஞ்சு நாள்ல நாட்டை விட்டுக் கிளம்புன்னு எட்வர்ட் ராஜா சொல்லிட்டாரு, அவரும் குடும்பத்தோட கப்பலேறிட்டாரு. ஒரு சண்டை கிடையாது. அடுத்த வருஷம் அதே செப்டம்பர்ல அவரே கப்பல் படையோட லண்டன் பாலத்தைத் தாண்டி வந்து நின்னாரு, போன பதவி, நிலம், பொண்ணோட ராணி ஸ்தானம் எல்லாம் திரும்பக் கிடைச்சுது, அப்பவும் லண்டன்ல சண்டை கிடையாது.

இது எப்படிங்க நடக்கும்? ஒரே ஆளு, ஒரே ராஜா, நடுவுல ஒரு வருஷம்தான். இதுக்குப் பதில் தெரிஞ்சுட்டா அந்தக் காலத்துல பிரபுங்கறவர் கையில நிஜமா என்ன இருந்துச்சுன்னு புரிஞ்சிரும், அதனால காட்வினை வச்சே விளக்கிப் பாக்குறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல இருந்து எடுத்துரணும். ஐரோப்பிய பிரபுன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கல்லுக்கோட்டை, கவசம் போட்ட குதிரை வீரன், தாத்தா அப்பா பேரன்னு வழிவழியா வர்ற பட்டம். இங்கிலாந்துல அந்த செட்டப் எல்லாம் பெரும்பாலும் 1066-க்கு அப்புறம் நார்மன்காரங்க, அதாவது பிரான்ஸ் பக்கத்து நார்மண்டியில இருந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்சவங்க, கொண்டுவந்தது. காட்வின் காலத்துல கோட்டைங்கறதே ஹியர்ஃபோர்ட் பக்கம் எட்வர்ட் ராஜாவோட பிரெஞ்சு நண்பர்கள் புதுசா கட்டின ஒண்ணு ரெண்டுதான், அதையே ஊர்க்காரங்க எரிச்சலோட பாத்தாங்க. ஏர்லுங்க இருந்தது பெரிய மரக்கூடத்துல, சாப்பாடு, விருந்து, பஞ்சாயத்து எல்லாம் அங்கேயே. பதவியும் அப்பன் செத்தா புள்ளைக்குன்னு தானா வந்துராது, ராஜா குடுத்தாத்தான் உண்டு, புள்ளைக்கே குடுக்கறதும் நடக்கும், சம்பந்தமே இல்லாத ஆளுக்குக் குடுக்கறதும் நடக்கும்.

சரி, ஏர்லோட வேலைதான் என்ன? நாடு ஷையர் ஷையரா பிரிஞ்சிருந்துச்சு, கென்ட், சசெக்ஸ், பெர்க்‌ஷையர்னு இன்னைக்கும் அதே பேருங்க இருக்கு. ஒவ்வொரு ஷையருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பெரிய கோர்ட் கூடும், அதுல பிஷப்பும் ஏர்லும் உக்காரணும்னு எட்கர் ராஜாவோட சட்டத்துலயே இருக்கு. நிலத்தகராறு, கொலைக்கு நஷ்டஈடு, திருட்டு எல்லாம் அங்க வரும். கோர்ட்ல விழுற அபராதத்துல மூணுல ரெண்டு பங்கு ராஜாவுக்கு, ஒரு பங்கு ஏர்லுக்கு, அதை மூணாவது பென்னின்னு சொல்லுவாங்க, டவுன்ல இருந்து வர்ற வருமானத்துலயும் இந்தப் பங்கு உண்டு. போர்னா ஷையர்ல இருந்து படை திரட்டி நடத்தறதும் அவர்தான். ஆக கலெக்டர், ஜட்ஜ், படைத்தளபதி, பெரிய மிராசுதார் நாலு பேரையும் சேர்த்து ஒரே ஆளா செஞ்சா எப்படி இருக்குமோ அப்படி. பழைய காலத்துல இவங்களை எல்டர்மன்னு கூப்பிட்டாங்க, டேனிஷ் ராஜா க்னூட் வந்தப்புறம் ஏர்ல்ங்கற பேரு நிலைச்சுது, ஒரு ஏர்ல் பொறுப்புல ஏழெட்டு ஷையர்கூட இருந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ராஜாவோட ஓலை. ரிட்னு சொல்லுவாங்க, தோல்ல நாலஞ்சு வரி எழுதி, ராஜா சிம்மாசனத்துல உக்காந்திருக்குற மாதிரி மெழுகு முத்திரை தொங்கும். அது இப்படித்தான் ஆரம்பிக்கும்: எட்வர்ட் ராஜா இந்த பிஷப்புக்கும் இந்த ஏர்லுக்கும் இந்த ஷையர்ல இருக்குற என்னோட எல்லா தெய்னுங்களுக்கும் அன்போட வணக்கம் சொல்றேன், இன்ன மடத்துக்கு இன்ன நிலத்தைக் குடுத்திருக்கேன், தெரிஞ்சுக்கோங்க. அவ்வளவுதான், இதை ஷையர் கோர்ட்ல சத்தமா வாசிப்பாங்க. கவனிச்சீங்களா, ராஜா ஏர்லுக்கு மட்டும் எழுதல, ஏர்லைத் தாண்டி ஷையர்ல இருக்குற தெய்னுங்களையும் நேரா கூப்பிடுறாரு, அதுவும் "என்னோட" தெய்னுங்கன்னு. ஏர்ல் நடுவுல நிக்கிற ஆள், ஆனா கதவை முழுசா அடைக்கிற ஆள் இல்ல.

தெய்ன்னா யாருன்னு கேப்பீங்க. கொஞ்சம் நிலபுலம், ஒரு கூடம், ஒரு சர்ச்சு, ஆயுதம் வச்சிருக்குற உள்ளூர் பெரியதலை. ஹைட்னு ஒரு நில அளவு உண்டு, வரியும் படையும் அதை வச்சுத்தான். பெர்க்‌ஷையர் கணக்கு அப்படியே எழுத்துல கிடைச்சிருக்கு: ராஜா படை கூப்பிட்டா அஞ்சு ஹைட்டுக்கு ஒரு வீரன் போகணும், ஒரு ஹைட்டுக்கு 4 ஷில்லிங்னு சேர்த்து 20 ஷில்லிங் அவனோட ரெண்டு மாச சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும். அந்த வீரனா பல நேரம் போனது தெய்னுங்களும் அவங்க ஆளுங்களும்தான். இவங்க ஒவ்வொருத்தரும் யாரோ ஒரு பெரிய மனுஷன்கிட்ட போய் நான் உங்க ஆள்னு சத்தியம் பண்ணி இருப்பாங்க, அவர் பதிலுக்கு கோர்ட்ல இவனுக்காக நிப்பாரு, தகராறுல பாதுகாப்பு குடுப்பாரு. ஆனா பல தெய்னுங்களோட நிலம் அந்தப் பெரிய மனுஷன் குடுத்தது இல்ல, அவனவன் சொந்தம். 1066-ல இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன் ராஜா வில்லியம் 1086-ல எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்கெடுப்புல திரும்பத் திரும்ப வர்ற வாசகம் என்ன தெரியுமா, இவன் தன் நிலத்தோட தான் விரும்புற எந்த எஜமான்கிட்டயும் போகலாம். எல்லாருக்கும் அந்த சுதந்திரம் இல்ல, ஆனா நிறைய பேருக்கு இருந்துச்சு.

அப்ப ஏர்லோட பலம் மூணு எடத்துல இருந்து வருது: ராஜா குடுத்த பதவி, சொந்த நிலம், அப்புறம் நான் உங்க ஆள்னு சொன்ன தெய்னுங்க. முதல் ரெண்டும் நல்ல காலத்துல போதும். நெருக்கடின்னு வரும்போது மூணாவதுதான் தீர்மானிக்கும், அதைத்தான் இப்ப பாக்கப்போறோம்.

காட்வின் பரம்பரைப் பெரிய குடும்பம்னு சொல்ல முடியாது. அப்பா வுல்ஃப்நாத் சசெக்ஸ் பக்கத்து தெய்ன்னு பெரும்பாலான வரலாற்றாளர்கள் சொல்றாங்க, 1009 வாக்குல அரசவையில இன்னொருத்தன் போட்டுக்குடுத்ததால 20 கப்பலை ஓட்டிட்டுப் போய் தெற்குக் கரையைக் கொள்ளையடிச்சவரு, அவரைப் பிடிக்க 80 கப்பலோட வந்தவன் புயல்ல மாட்டிக்கிட்டான், கரை ஒதுங்கின அந்தக் கப்பலுங்களை இவர் எரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்து நிலம் பறிபோச்சு. 1014-ல செத்த எதெல்ஸ்டன்ங்கற இளவரசர் தன் உயில்ல, வுல்ஃப்நாத் மகன் காட்வினுக்கு அவன் அப்பா வச்சிருந்த காம்ப்டன் நிலத்தைக் குடுக்கறேன்னு எழுதி வச்சாரு, நம்மாளு வரலாற்றுல தலைகாட்டறதே அந்த வரியிலதான்.

1016-ல டேனிஷ் படையோட க்னூட் ஜெயிச்சு ராஜா ஆனாரு. பழைய இங்கிலீஷ் பிரபுக்கள் பல பேர் அந்தப் போர்லயே செத்தாங்க, மிச்சத்துல சிலரை க்னூட் 1017-ல போட்டுத் தள்ளினாரு, ரெண்டு பக்கமும் மாறி மாறி தாவின எட்ரிக் ஸ்ட்ரியோனா உட்பட. காலியான அந்த எடத்துல புதுசா ஆளு வேணும், இங்கிலீஷ்காரனா இருக்கணும், ஆனா பழைய பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. காட்வின் பொருத்தமா இருந்தாரு. 1018-லயே ஏர்ல், கொஞ்ச வருஷத்துல வெசெக்ஸ் முழுசுக்கும் ஏர்ல், கல்யாணம் பண்ணது கீதாங்கற டேனிஷ் பொண்ணு, அவங்க அண்ணன் உல்ஃப் க்னூட்டோட தங்கச்சி புருஷன். பசங்களுக்கு ஸ்வெய்ன், ஹெரால்ட், டோஸ்டிக்னு டேனிஷ் பேரா வச்சதுல இருந்தே காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு தெரியும்.

அந்தக் காலத்துல பெரிய ஏர்லுங்க மூணு பேர். தெக்க காட்வின், நடுவுல மெர்சியாவுக்கு லியோஃப்ரிக், வடக்க நார்தம்ப்ரியாவுக்கு சிவார்ட். லியோஃப்ரிக் பொண்டாட்டிதான் குதிரையில நிர்வாணமா போனாங்கன்னு சொல்லப்படுற கோடைவா, அந்தக் கதை நூத்தம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதினது, நம்பத் தேவையில்ல. சிவார்ட் 1054-ல ஸ்காட்லாந்து போய் மக்பெத்தை ஓடவிட்டவரு, அது நிஜம்.

1035 நவம்பர்ல க்னூட் செத்ததும்தான் நிஜமான குழப்பம். ஒரு புள்ளை ஹார்தக்னூட், க்னூட்டோட ராணி எம்மாவுக்குப் பொறந்தவன், டென்மார்க்ல மாட்டிக்கிட்டான். இன்னொரு மனைவிக்குப் பொறந்த முயல்கால் ஹெரால்ட் இங்கேயே இருந்தான். ஆக்ஸ்ஃபோர்ட்ல சபை கூடுச்சு, லியோஃப்ரிக்கும் தேம்ஸுக்கு வடக்க இருந்த தெய்னுங்களும் லண்டன் கப்பல்காரங்களும் ஹெரால்ட் பக்கம், காட்வினும் வெசெக்ஸ் பெரியவங்களும் ஹார்தக்னூட் பக்கம். முடிஞ்சவரை எதிர்த்துப் பாத்தாங்க, முடியல. ஹார்தக்னூட் வர்ற மாதிரியும் தெரியல. இந்த நேரத்துல, 1036-ல, எம்மாவோட முதல் புருஷன், பழைய இங்கிலீஷ் ராஜா எதெல்ரெட்டுக்குப் பொறந்த ஆல்ஃப்ரெட் இளவரசன் நார்மண்டியில இருந்து கொஞ்சம் ஆளுங்களோட வந்து எறங்குறான். அவனை வழியில சந்திச்சது காட்வின். கில்ட்ஃபோர்ட்ல தங்க வச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா அவன் ஆளுங்களைப் பிடிச்சு சிலரைக் கொன்னு, சிலரை வித்து, சிலரை ஊனமாக்கி, ஆல்ஃப்ரெட்டை ஈலிக்குக் கொண்டுபோய் கண்ணைக் குத்தினாங்க, அவன் அங்கேயே செத்தான்.

காட்வினைக் காப்பாத்த நெனைக்கிறவங்க, அவர் ஒப்படைச்சாரு அவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஹெரால்ட் ஆளுங்க பண்ணதுன்னு சொல்வாங்க. ஆங்கிலோ சாக்சன் குறிப்பேடு பல மடங்கள்ல தனித்தனியா எழுதினது, அதுல காட்வினைப் பிடிக்காத பிரதி நேரா அவர் பேரைச் சொல்லித் திட்டுது, கேன்டர்பரியில எழுதின பிரதி அந்த விஷயத்தையே எழுதாம விட்டுருச்சு. என் கணக்குல இந்தக் கறையைத் துடைக்க முடியாது. ஹார்தக்னூட் பக்கம் நின்னவருக்கு ஹெரால்ட் ஜெயிச்சுட்டான்னு தெரிஞ்சுபோச்சு, புது ராஜாவுக்கு விசுவாசத்தைக் காட்ட ஒரு பரிசு தேவைப்பட்டுச்சு, ஆல்ஃப்ரெட் தானா வந்து மாட்டினான்.

முயல்கால் ஹெரால்ட் 1040-ல செத்ததும் ஹார்தக்னூட் வந்தான், வந்த வேகத்துல செத்த ஹெரால்ட் ஒடம்பைத் தோண்டி எடுத்து சேத்துல வீசச் சொன்னான். ஆல்ஃப்ரெட் அவனுக்கும் அண்ணன்தானே, அதனால காட்வின் மேல கேஸ் வந்துச்சு. காட்வின் தப்பிச்ச விதத்தைப் பாருங்க: நாட்டுல இருந்த கிட்டத்தட்ட எல்லாப் பெரிய மனுஷங்களும் தெய்னுங்களும் கூட நின்னு, ஹெரால்ட் உத்தரவுப்படிதான் செஞ்சாரு, அவர் விருப்பம் இல்லன்னு சத்தியம் பண்ணாங்க. அந்தக் காலத்து சட்டத்துல சாட்சியை விட கூட நின்னு சத்தியம் பண்ற ஆளோட தகுதிதான் எடை. அப்புறம் ராஜாவுக்கு ஒரு கப்பல் பரிசு, முன்பக்கம் தங்கமுலாம், உள்ள 80 வீரனுங்க, ஒவ்வொருத்தன் கையிலயும் ரெண்டு தங்கக்காப்பு, எடை 16 அவுன்ஸ். கேஸ் முடிஞ்சுது.

அடுத்த வருஷம் 1041-ல நடந்ததை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். வூஸ்டர் ஊர்ல வரி வசூலிக்க வந்த ராஜாவோட வீரனுங்க ரெண்டு பேரை ஊர்க்காரங்க கொன்னுட்டாங்க. ஹார்தக்னூட் கோவத்துல காட்வின், லியோஃப்ரிக், சிவார்ட்னு எல்லா ஏர்லையும் அனுப்பி ஊரைக் கொளுத்தச் சொன்னான். ஜனங்க செவர்ன் நதி நடுவுல பெவெரிங்கற தீவுக்கு ஓடி அங்க அரண் போட்டு எதிர்த்து நின்னாங்க, படை நாலு நாள் சூறையாடி அஞ்சாவது நாள் ஊரை எரிச்சுது. மெர்சியா ஏர்லான லியோஃப்ரிக் தன் பக்கத்து ஜனங்க ஊரையே எரிக்க வேண்டி வந்துச்சு. காட்வினும் மறு பேச்சு பேசாம போனாரு.

1042-ல ஒரு கல்யாண விருந்துல குடிச்சுக்கிட்டே இருந்த ஹார்தக்னூட் சுருண்டு விழுந்து செத்தான், ஆல்ஃப்ரெட்டோட கூடப்பொறந்த எட்வர்ட் ராஜா ஆனாரு. இருபத்தஞ்சு வருஷம் போல நார்மண்டியில வளந்தவரு, இங்க சொந்த ஆளுங்க கிடையாது, தன் தம்பி சாவுக்குக் காரணம்னு நெனைக்கிற ஆளையே நம்பி ஆட்சி நடத்தணும். 1043-ல தன் அம்மா எம்மாகிட்ட இருந்த பொக்கிஷத்தைப் பறிக்கப் போனப்பகூட மூணு ஏர்லையும் கூட்டிக்கிட்டுத்தான் குளோஸ்டர்ல இருந்து வின்செஸ்டருக்கு குதிரையேறினாரு, தனியா அம்மா வீட்டுக்குப் போற தைரியம்கூட அப்ப இல்ல. 1045-ல காட்வின் பொண்ணு ஈடித்தைக் கட்டிக்கிட்டாரு. மூத்தவன் ஸ்வெய்ன் ஏர்ல், ரெண்டாவது ஹெரால்ட் ஈஸ்ட் ஆங்கிலியாவுக்கு ஏர்ல்.

ஸ்வெய்னைப் பத்தி ரெண்டு வரி. 1046-ல ஒரு மடத்துத் தலைவியைத் தூக்கிட்டுப் போனான், 1049-ல சொந்த மாமன் மகன் பியோர்னை ஏமாத்திக் கூட்டிப்போய் கொன்னான். அவனையும் மன்னிச்சு பதவி வாங்கிக் குடுத்தாங்க. காட்வின் குடும்பத்து மேல மத்தவங்களுக்கு இருந்த வெறுப்புக்கு இது ஒண்ணே போதும்.

இப்ப 1051. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் பதவிக்கு மடத்துத் துறவிங்க காட்வினோட சொந்தக்காரர் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க, எட்வர்ட் அதைத் தள்ளிட்டு தன்னோட நார்மன் நண்பர் ஜுமியேஜ் ராபர்ட்டைப் போட்டாரு. அந்த உரசல் ஆறதுக்குள்ள ராஜாவோட மச்சான் முறை ஆன போலோன் பிரபு யூஸ்டஸ் ராஜாவைப் பாத்துட்டுத் திரும்பும்போது டோவர்ல வீடுகள்ல வலுக்கட்டாயமா தங்கப் பாத்து, அடிதடி ஆகி, ரெண்டு பக்கமும் இருபது பேர் கிட்ட செத்தாங்க. ராஜா காட்வினைக் கூப்பிட்டு டோவரைப் போய் சூறையாடுன்னாரு. பத்து வருஷம் முன்னாடி வூஸ்டருக்குப் போனவர் இப்ப மாட்டேன்னுட்டாரு.

இதை வச்சு 19-ஆம் நூற்றாண்டுல சிலர் அவரை தேசபக்தர் ஆக்கிட்டாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம். டோவர் கென்ட்ல இருக்கு, கென்ட் காட்வினோட பொறுப்பு, அங்க இருக்குற தெய்னுங்களும் கப்பல்காரங்களும் இவர் ஆளுங்க, கோர்ட்ல உங்களுக்காக நிப்பேன்னு வாக்கு குடுத்தவரு விசாரணையே இல்லாம அவங்க கூரையைக் கொளுத்தினா அப்புறம் எவன் வந்து நான் உங்க ஆள்னு சொல்லுவான்? நியாயமும் சுயலாபமும் அன்னைக்கு ஒரே பக்கம் நின்னுச்சு, அவ்வளவுதான்.

காட்வின், ஸ்வெய்ன், ஹெரால்ட் மூணு பேரும் தங்களோட படையை பெவர்ஸ்டன்ல திரட்டினாங்க, ராஜா பக்கத்துல குளோஸ்டர்ல. எட்வர்ட் வடக்க ஆள் அனுப்ப, லியோஃப்ரிக்கும் சிவார்ட்டும் படையோட வந்துட்டாங்க. மோதல் நடக்கற நிலைமை. அப்ப சில பேரு, நாட்டோட முக்கியமான ஆளுங்க எல்லாம் இந்த ரெண்டு கூட்டத்துலதான் இருக்காங்க, நாம அடிச்சுக்கிட்டு செத்தா வெளியில இருக்குற எதிரிக்குக் கதவைத் தெறந்து விட்ட மாதிரி ஆயிடும்னு சொல்ல, செப்டம்பர் 24 லண்டன்ல சபைன்னு தள்ளி வச்சாங்க.

அந்த ரெண்டு மூணு வாரத்துலதான் காட்வின் தோத்தாரு. ராஜா தேம்ஸுக்கு ரெண்டு பக்கமும் படையைக் கூப்பிட்டாரு, அதுல வெசெக்ஸும் அடங்கும். யோசிச்சுப் பாருங்க, சசெக்ஸ்ல ஒரு தெய்ன், காட்வினுக்கு சத்தியம் பண்ணவன், ஆனா ராஜாவோட தெய்னும்தான், ராஜா படைக்குப் போகலைன்னா நிலம் போயிரும். லண்டனை நெருங்க நெருங்க காட்வின் கூட்டம் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. லண்டனுக்கு எதிர்க்கரையில இருக்குற சவுத்வார்க் வந்தப்ப ராஜா ஒரு நிபந்தனை போட்டாரு, ஹெரால்டோட தெய்னுங்க எல்லாரையும் என் பொறுப்புல மாத்திவிடுன்னு. மாத்தி விட்டாங்க! சண்டை போடாமலே அவரோட கைகால் எல்லாத்தையும் எடுத்துட்ட மாதிரி. காட்வின் சபைக்கு வந்து போக பாதுகாப்பு உத்தரவாதமும் பணயக் கைதிகளும் கேட்டாரு, கிடைக்கல. எட்வர்ட் வாழ்க்கையைப் பத்தி அந்தக் காலத்துலயே எழுதின நூல் ஒண்ணு சொல்லுது: ராஜா அனுப்பின பதில், என் தம்பி ஆல்ஃப்ரெட்டை உயிரோட அவன் ஆளுங்க உடமைகளோட திருப்பிக் குடு, உனக்கு சமாதானம் தர்றேன். அதைக் கொண்டுவந்த பிஷப் ஸ்டிகண்ட் அழுதாராம், காட்வின் முன்னாடி இருந்த மேசையைத் தள்ளிட்டு குதிரையேறிட்டாராம். பதினஞ்சு வருஷம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு எட்வர்ட்.

காட்வின், கீதா, ஸ்வெய்ன், டோஸ்டிக் எல்லாரும் போஷம் துறைமுகத்துல இருந்து ஃப்ளாண்டர்ஸுக்கு (இன்னைய பெல்ஜியம் பக்கம்), ஹெரால்டும் தம்பி லியோஃப்வைனும் பிரிஸ்டல் வழியா அயர்லாந்துக்கு. ஈடித் ராணியை கன்னிமடத்துக்கு அனுப்பிட்டாங்க. ஹெரால்டோட ஈஸ்ட் ஆங்கிலியா லியோஃப்ரிக் மகன் எல்ஃப்கார்கிட்ட போச்சு, மேற்கு ஷையருங்க ஓடாங்கறவர்கிட்ட.

ராஜா ஜெயிச்சாருதான், ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு காரியம் பண்ணி வச்சிருந்தாரு. 1012-ல இருந்து சம்பளத்துக்கு வச்சிருந்த கப்பல் படையை 1050-லயும் 1051-லயும் கலைச்சுட்டாரு, அதுக்காக வசூலிச்ச வரியையும் எடுத்துட்டாரு. ஜனங்களுக்கு சந்தோஷம், செலவும் மிச்சம். ஆனா இனிமே கடல்ல ராஜாவுக்குன்னு நிக்க, தெற்குக் கரை ஊர்க்காரங்களைத்தான் நம்பணும், அவங்க யாரோட ஆளுங்க?

1052 கோடையில காட்வின் முதல் தடவை வந்தப்ப சாண்ட்விச்ல ராஜாவோட 40 கப்பல் காவல் இருந்துச்சு. புயல் வந்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சுது. ராஜாவோட கப்பலுங்க புதுத் தளபதியும் புது துடுப்புக்காரங்களும் வேணும்னு லண்டன் திரும்புச்சு, அங்க இழுத்தடிச்சதுல ஆளுங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. காட்வினுக்கு இது போதும். அயர்லாந்துல இருந்து 9 கப்பலோட வந்த ஹெரால்ட் வழியில போர்லாக்ல எறங்கி முப்பது தெய்னுங்களுக்கு மேல கொன்னான், ஏன்னா அங்க அவனுக்கு ஆளில்ல, புது ஏர்லுக்காக அவனை எதிர்த்து நின்னாங்க. ஆனா அப்பனும் மகனும் சேர்ந்து கிழக்க நகர ஆரம்பிச்சதும் கதை வேற. பெவென்சி, ராம்னி, ஹைத், ஃபோக்ஸ்டன், டோவர், சாண்ட்விச், ஒவ்வொரு துறையிலயும் கப்பலும் ஆளும் சேருது. ஹேஸ்டிங்ஸ் கப்பல்காரங்களும் கென்ட், சசெக்ஸ், சர்ரே ஜனங்களும் உங்களோட வாழ்ந்தாலும் செத்தாலும் சரின்னுட்டாங்க. போன வருஷம் இதே ஆளுங்கதான் கரைஞ்சு போனவங்க. இப்ப என்ன மாறுச்சு? ராஜா போட்ட புது ஆளுங்க அங்க இன்னும் வேர் விடல, பழைய தகராறுக்கு யார்கிட்ட போறதுன்னு தெரியல, முக்கியமா காட்வினே கப்பலோட கண்ணு முன்னாடி நிக்கிறாரு, ராஜா தூரத்துல லண்டன்ல.

செப்டம்பர் 14, திங்கக்கிழமை, சவுத்வார்க். லண்டன்காரங்ககிட்ட முன்னாடியே பேசி வச்சாச்சு. கடல் ஏத்தத்துக்காகக் காத்திருந்து, தண்ணி ஏறினதும் பாலத்தோட தெற்குப் பக்கமா கப்பலுங்களை விட்டாங்க, கரையில அவங்க தரைப்படை வரிசையா நிக்குது. அந்தப் பக்கம் ராஜாவோட 50 கப்பல், அதைச் சுத்தி வளைக்கிற மாதிரி இவங்க திரும்பினாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல யாரும் கை ஓங்கல. ரெண்டு பக்கமும் நிக்கிறவன் இங்கிலீஷ்காரன், நம்மாளை நாமே வெட்டிக்கறதான்னு. போன வருஷம் காட்வினைக் கவுத்த அதே தயக்கம் இந்த வருஷம் எட்வர்டைக் கவுத்துச்சு. ஸ்டிகண்ட் நடுவுல நின்னு பேசினாரு, மறுநாள் சபையில காட்வின் தன் மேல குத்தமில்லன்னு சொல்ல, எல்லாம் திரும்பக் கிடைச்சுது. ஆர்ச்பிஷப் ராபர்ட் கிழக்கு வாசல் வழியா ஆளுங்களை வெட்டிட்டு ஓடி, ஓட்டைக் கப்பல் ஒண்ணுல ஏறிட்டாரு, பதவிச் சின்னமான பேலியத்தை விட்டுட்டே. அந்த எடம் ஸ்டிகண்டுக்குப் போச்சு.

காட்வின் ரொம்ப நாள் அனுபவிக்கல. 1053 ஈஸ்டர்ல வின்செஸ்டர்ல ராஜாவோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே பேச்சு மூச்சில்லாம சாஞ்சாரு, ஏப்ரல் 15 செத்தாரு. ஆல்ஃப்ரெட் சாவுல எனக்குப் பங்கிருந்தா இந்த ரொட்டி தொண்டையில அடைக்கட்டும்னு சொல்லி அடைச்சு செத்தாருன்னு பின்னாடி நார்மன் பக்கம் கதை கட்டினாங்க. வெசெக்ஸ் ஹெரால்டுக்குப் போச்சு, 1066-ல ராஜா ஆகி ஹேஸ்டிங்ஸ்ல செத்தது இந்த ஹெரால்டுதான்.

தெய்னுங்கதான் தீர்மானிக்கிறாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு நேர் எதிர்ப்பக்க உதாரணம் இன்னொரு மகன் டோஸ்டிக். 1055-ல சிவார்ட் செத்தப்ப மகன் வால்தியோஃப் சின்னப் பையன், அதனால நார்தம்ப்ரியாவை வடக்குல வேரே இல்லாத டோஸ்டிக்குக் குடுத்துட்டாங்க. பத்து வருஷம் வரியை ஏத்தி, உள்ளூர் பெரியதலைங்க சிலரைக் கொல்லவும் வச்சான்னு புகார். 1065 அக்டோபர்ல வடக்கத்தி தெய்னுங்க யார்க்ல கூடி, அவன் வீரனுங்களைக் கொன்னு, ஆயுதம் கஜானா எல்லாம் அள்ளிட்டு, எங்களுக்கு எல்ஃப்கார் மகன் மார்க்கர்தான் ஏர்ல்னு சொல்லி தெக்க படையா எறங்கிட்டாங்க. எட்வர்ட் அடக்கப் படை கேட்டாரு, குளிர்காலம் வருது, உள்நாட்டுச் சண்டை வேண்டாம்னு யாரும் அசையல. பேச்சுவார்த்தைக்குப் போன ஹெரால்டே தம்பி பதவி போறதுக்கு ஒத்துக்கிட்டு வந்தாரு.

டோஸ்டிக் ஃப்ளாண்டர்ஸ் போனான், அப்பா போன அதே ஊருக்கு. 1066 மே மாசம் கப்பலோட வந்து, அப்பா மாதிரியே வைட் தீவு, அங்கிருந்து கரையோரமா சாண்ட்விச் வரைக்கும் போனான். அங்க கிடைச்ச கப்பல்காரங்கள்ல சில பேரை வலுக்கட்டாயமா இழுத்துட்டுத்தான் போக வேண்டியிருந்துச்சு. 60 கப்பலோட ஹம்பர் பக்கம் போனவனை மார்க்கரும் அண்ணன் எட்வினும் அடிச்சு விரட்டினாங்க, கூட வந்த கப்பல்காரங்க ஓடிட்டாங்க, ஸ்காட்லாந்து போய்ச் சேரும்போது அவன்கிட்ட மிச்சம் இருந்தது 12 சின்னக் கப்பல்.